புகையில்லாக் கணப்புக்கு வந்த ஒரே விண்ணப்பம்

ஊசிப்பாறைச் சோலையில் எல்லா விலங்குகளும் இருமிக்கொண்டிருந்தன.

முயல் இருமியது. மிளா மான் இருமியது. மரத்தின் உச்சியில் குடியிருந்த கருமந்திகூட இருமியது. எல்லாம் கணப்பினால் வந்த வினை.

அந்தச் சோலை மலையின் தலையில் இருந்தது. மார்கழி பிறந்தால் புல்லின்மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி படியும். மின்னல் விழுந்து எரிந்த மரத்திலிருந்து கங்கு எடுத்துவந்து, வளைக்குள் வைத்துக் குளிர்காய அங்குள்ள விலங்குகள் எப்போதோ பழகிவிட்டன. விறகோ ஈர விறகு. வளையோ குறுகலான வளை. சூடு ஒரு பங்கு, புகை ஒன்பது பங்கு!

போன குளிர்காலத்தில் ஒரு கிழட்டு மரநாய் கணப்பின் பக்கத்தில் சுருண்டு படுத்தது. விடிந்தபோது எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் சோலைச் சபை கூடியது.

சபைத் தலைவர் ஒரு முள்ளம்பன்றி. பெயர் சிங்காரம்.

சிங்காரத்துக்கு ஒரு பெருமை உண்டு. சோலையிலேயே எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கும். நாவல்பழச் சாற்றில் தோய்க்கும். மரப்பட்டையில் எழுதும். தீர்மானம் எழுதும்; தீர்மானத்துக்கு விளக்கம் எழுதும்; விளக்கம் புரியாதவர்களுக்கு இன்னொரு தீர்மானம் எழுதும். எழுதி எழுதி அதன் நடுமுதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கையே விழுந்துவிட்டது. சோலையில் படிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். அதைப் பற்றிச் சிங்காரம் கவலைப்பட்டதே கிடையாது.

“இந்தக் குளிர்காலத்தில் தொண்ணூறு வளைக்கும் புகையில்லாத கதகதப்பு! இது என் வாக்கு!” என்று சிங்காரம் முழங்கியது.

“சம்மதம்!” என்றது காட்டெருமை கண்ணுச்சாமி. அது சபையின் மூத்த உறுப்பினர். யார் எதைச் சொன்னாலும் சம்மதம் என்றுதான் சொல்லும். சில சமயம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடும்.

இன்னொரு உறுப்பினரான கருமந்தி ரங்கம்மாள் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. “நல்லதுதான் தலைவரே. ஆனா இதை யார் செஞ்சு தரப்போறாங்க? சூடு பண்ணத் தெரிஞ்சவங்க, சுவர் கட்டத் தெரிஞ்சவங்கன்னு நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணலாமே?”

“கேட்பதா!” சிங்காரத்துக்கு முட்கள் சிலிர்த்துக்கொண்டன. “வேலை வேண்டியவர்கள் நம்மிடம் வர வேண்டும் அம்மா! நாம் அவர்கள் வாசலில் போய் நின்றால் சபையின் மதிப்பு என்னாவது? முறைப்படி அறிவிப்பு எழுதுவோம். நிபந்தனைகளைப் போடுவோம். தகுதி உள்ளவன் ஓடி வருவான்!”

“சம்மதம்!” என்றது கண்ணுச்சாமி.

சிங்காரம் மூன்று நாள் வளையைவிட்டு வெளியே வரவில்லை. பதினோரு முட்கள் செலவாயின. முடிவில் நாற்பத்தொரு நிபந்தனைகளோடு ஓர் அறிவிப்பு பிறந்தது.

மூன்றாவது நிபந்தனை: விண்ணப்பிப்பவரின் உடல் எடை பத்து மணங்குக்குக் குறையக் கூடாது. ஒன்பதாவது: வளைக்குள் குளிர்காற்று எள்ளளவும் புகக் கூடாது. பதினேழாவது: இதற்கு முன் நூறு வளைகளையாவது சூடாக்கிய அனுபவம் வேண்டும். இருபத்து மூன்றாவது: தொண்ணூறு வளைகளையும் ஒருவரே, பத்தே நாளில் முடிக்க வேண்டும். முப்பதாவது நிபந்தனையின் பொருள் என்னவென்று எழுதி முடித்த மறுநாள் சிங்காரத்துக்கே விளங்கவில்லை. ஆனால் உரக்கப் படித்தபோது ஓசை நன்றாக இருந்ததால் அடிக்காமல் விட்டுவிட்டது.

அதன் மனைவி வடிவு கணப்பை ஊதிக்கொண்டே, இருமலுக்கு நடுவில் கேட்டது: “ஏங்க, நூறு வளையைச் சூடாக்கின ஆளு இந்த மலையில யாருங்க இருக்காங்க? அப்படி ஒருத்தர் இருந்திருந்தா நாம ஏன் இப்படி இருமிக்கிட்டு கிடக்கோம்?”

“தரம் என்று ஒன்று இருக்கிறது வடிவு!” என்றது சிங்காரம். சொல்லிவிட்டுத் தானும் இருமியது.

சபையின் அறிவிப்பைத் தரையில் வைக்கலாமா? கூடாது! சோலையிலேயே உயரமான மரத்தின் உச்சியில் அதைக் கட்டித் தொங்கவிடச் செய்தது சிங்காரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. மனம் நிறைந்து வீட்டுக்குப் போனது.

ஒரு நாள் போயிற்று. ஐந்து நாள் போயிற்று. யாரும் வரவில்லை.

“எல்லோரும் விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருப்பார்கள். நாற்பத்தொரு நிபந்தனை என்றால் சும்மாவா!” என்று சிங்காரம் சபைக்குத் தைரியம் சொன்னது.

பத்தாம் நாள் ஒரே ஒரு விண்ணப்பம் பறந்து வந்தது. கொண்டுவந்தது மலை மைனா ராஜமாணிக்கம். கறுத்து மினுங்கும் உடம்பு, மஞ்சள் அலகு, தேன் குரல். எந்தப் பேச்சைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் திறமை அதற்குப் பிறவியிலேயே உண்டு.

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு தன் விண்ணப்பத்தை ஒப்பித்தது.

“தொண்ணூறு வளைக்கும் புகையில்லாத கதகதப்பு! இது என் வாக்கு! குளிர்காற்று எள்ளளவும் புகாது! தொண்ணூறையும் நான் ஒருவனே, பத்தே நாளில் முடிப்பேன்! தரம் என்று ஒன்று இருக்கிறது!”

முப்பதாவது நிபந்தனையையும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் சொன்னது. சிங்காரத்தின் கண்கள் கலங்கிவிட்டன. தான் எழுதியது இவ்வளவு அழகாக இருக்கும் என்று அதற்கே தெரியாது!

ரங்கம்மாள் மட்டும் கேட்டது: “உன் எடை பத்து மணங்கு இருக்குமா தம்பி?”

“சொந்தக்காரர்களையும் சேர்த்து!” என்றது மைனா.

“நூறு வளை சூடாக்கினியா? எங்கே?”

“தூரத்தில்!”

“எவ்வளவு தூரத்துல?”

“பத்து நாள் பறக்க வேண்டும்!”

“போதும் அம்மா, வந்த ஒருவரையும் விரட்டிவிடாதீர்கள்!” என்று சிங்காரம் குறுக்கிட்டது. அறிவிப்பு தோற்றுப்போனது என்று ஒப்புக்கொள்வதைவிட, ஒரே விண்ணப்பத்தை ஆகச் சிறந்த விண்ணப்பம் என்று சொல்லிவிடுவது அதற்கு எளிதாக இருந்தது.

“சம்மதம்!” என்றது கண்ணுச்சாமி. வேலை மைனாவுக்குப் போயிற்று.

முதல் வளை முயல் பூங்காவனத்துடையது. பூங்காவனத்துக்கு நான்கு குட்டிகள். நான்கும் புகையில் பிறந்து புகையில் வளர்ந்தவை. கடைக்குட்டிக்கு மூச்சு எப்போதும் விசில் அடிக்கும். அதனால்தான் அந்த வளை முதலில் என்று சபை முடிவு செய்திருந்தது. அந்த முடிவில் மட்டும் பிழை இல்லை.

மைனாவும் அதன் சொந்தக்காரர்களும் பாசியும் களிமண்ணும் சுமந்து வந்தார்கள். வளையில் இருந்த ஒவ்வொரு விரிசலையும், ஒவ்வொரு பொத்தலையும் அடைத்தார்கள். வாசலுக்குப் பாசியால் தடித்த கதவு வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. சிங்காரம் வாசலில் நின்று உரையாற்றியது. உரை நீண்டது. குட்டிகளுக்குக் குளிர் எடுத்தது.

“இனி கணப்பே வேண்டாம்! உங்கள் உடம்புச் சூடே உள்ளே நிற்கும்!” என்று மைனா சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

ஆனால் அன்று பார்த்துக் குளிர்காற்று வழக்கத்தைவிட முன்னதாகவே இறங்கியது. குட்டிகளின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. பெற்றவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பூங்காவனம் பழையபடி நான்கு கங்குகளை உள்ளே கொண்டுபோய் வைத்து, புதுக் கதவை இழுத்துச் சாத்தியது.

மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சிங்காரம் ரங்கம்மாளோடு அந்தப் பக்கமாக நடந்து வந்தது. வளையின் அருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. அதன் முகம் மலர்ந்தது.

“கேட்டீர்களா அம்மா? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இந்த வளையில் இருமல் சத்தமே இல்லை!”

ரங்கம்மாளின் முகம் மாறியது. “தலைவரே, எந்தச் சத்தமுமே இல்லையே!”



சிங்காரம் ஓடிப்போய்க் கதவை முட்டியது. கதவு அசையவில்லை. அவ்வளவு நல்ல வேலைப்பாடு! பக்கத்துச் சுவரை நகத்தால் கீறியது. பல்லால் கடித்தது. மண் வாயெல்லாம் அப்பிக்கொண்டது. உடம்பையே உள்ளே திணித்தபோது முட்கள் படபடவென்று ஒடிந்தன. பொத்துக்கொண்ட சுவர் வழியே கரும்புகை குபுகுபுவென்று வந்தது.

சிங்காரம் உள்ளே நுழைந்து பூங்காவனத்தை இழுத்துப் போட்டது. பிறகு ஒரு குட்டி. இரண்டு. மூன்று. நான்காவதை ரங்கம்மாள் நீண்ட கையை விட்டுத் துழாவி எடுத்தது. பூங்காவனமும் மூன்று குட்டிகளும் புல்லில் விழுந்ததும் இருமத் தொடங்கின. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று சிங்காரம் நினைத்ததே இல்லை. கடைக்குட்டி மட்டும் நனைந்த இலைபோல் கிடந்தது.

ரங்கம்மாள் அதைத் தலைகீழாகத் தூக்கித் தட்டியது. மடியில் வைத்துத் தேய்த்தது. முகத்தில் ஊதியது. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அந்தக் குட்டி ஒரு தும்மல் போட்டது. மூச்சு மெல்ல விசில் அடித்தது.

பூங்காவனம் குட்டிகளை அணைத்துக்கொண்டு சிங்காரத்தைப் பார்த்தது. கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டது: “தலைவரே, நாற்பத்தொண்ணு எழுதினீங்களாமே. என் பிள்ளைங்க மூச்சு அதுல எத்தனாவது?”



மறுநாள் காலை சிங்காரம் மைனாவைப் பிடித்து உலுக்கியது. “புகை வெளியே போக ஒரு வழி வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா?”

மைனா நிதானமாகச் சொன்னது: “ஒன்பதாவது நிபந்தனை: வளைக்குள் குளிர்காற்று எள்ளளவும் புகக் கூடாது. புகவில்லையே! புகை வெளியே போக வேண்டும் என்று எத்தனாவது நிபந்தனையில் இருக்கிறது, சொல்லுங்கள்?”

சிங்காரம் மரத்தின் உச்சியிலிருந்து அறிவிப்பை இறக்கிவரச் சொல்லி, முதலிலிருந்து கடைசிவரை படித்தது. இல்லை. எடைக்கு நிபந்தனை இருந்தது. அனுபவத்துக்கு இருந்தது. விண்ணப்பிப்பவர் சபைத் தலைவரை எப்படி வணங்க வேண்டும் என்பதற்குக்கூட இரண்டு இருந்தன. புகைக்கு ஒன்றும் இல்லை. மைனாவைத் திட்டுவதற்காகத் திறந்த வாயைச் சிங்காரம் மூடிக்கொண்டது. திட்டப்பட வேண்டிய ஆள் அங்கே இருந்தது. ஆனால் அந்த ஆளுக்கு முதுகில் வழுக்கை இருந்தது!

மைனா தன் சொந்தக்காரர்களோடு வேறு காட்டைத் தேடிப் பறந்துவிட்டது.

அன்று சபை கூடியதும் சிங்காரம் எழுந்து நின்றது. “சபையோரே! இன்றைய தீர்மானம்: தலைவர் சிங்காரம் ஒரு முட்டாள்!”

“சம்ம...” என்று தொடங்கிய கண்ணுச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டது.

“அதைத் தீர்மானமா போட வேண்டாம். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்,” என்றது ரங்கம்மாள். “உறைபனி விழ இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு. முள்ளைப் பிடுங்குறதை விட்டுட்டு என்கூட வாங்க. யானைத்தடத்துக்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. காலையில கை மரத்துப்போனா நான் அங்கேதான் போய் உட்காருவேன். நெருப்பே இல்லாம கதகதன்னு இருக்கும்.”

யானைத்தடத்தின் ஓரத்தில் பெரிய குவியல் ஒன்று இருந்தது. சாணமும் இலையும் கலந்த குவியல். அதன்மேல் மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் சாணி உருட்டும் வண்டுகள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தன.

சிங்காரத்தின் மூக்கு தானாகச் சுருங்கியது. சபைத் தலைவர் சாணிவண்டிடம் போய் நிற்பதா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலைச் சிங்காரத்துக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்தொரு நிபந்தனைகளையும் சொல்லிக்கொடுத்தது அதே குரல்தான். அது அந்தக் குரலைத் தள்ளிவிட்டு, வண்டுகளின் பேச்சு காதில் விழும்படி தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தது. பின்னால் வந்த கண்ணுச்சாமியும் தொம்மென்று படுத்தது. நான்கு வண்டுகள் அந்த அதிர்வில் எகிறி விழுந்தன.

“மெதுவா சாமி!” என்றது வண்டுகளின் தலைவி உலகம்மாள். “என்ன விஷயம் தலைவரய்யா? வழி தவறிட்டீங்களா?”

“இல்லை தாயே. கேட்க வந்தேன்,” என்றது சிங்காரம். “எங்கள் அறிவிப்பைப் பார்த்தீர்களா?”

“மரத்து உச்சியில என்னமோ தொங்குச்சு. காய்ஞ்ச பட்டைன்னு நினைச்சோம். விழுந்தா குவியலுக்கு ஆகும்னு ஒரு வாரமா காத்திருந்தோம்!”

சிங்காரம் அறிவிப்பைப் படித்துக் காட்டியது. பத்து மணங்கு எடை என்றதும் வண்டுகள் உருண்டு உருண்டு சிரித்தன. “எங்க குலமே ஏறி நின்னாலும் ஒரு பலாக்கொட்டை எடைக்கு வரமாட்டோமே!” முன்பு என்றால் சிங்காரத்துக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது அதற்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“தாயே, இந்தக் குவியல் எப்படிச் சூடாகிறது?”

“சாணி, சருகு, கொஞ்சம் ஈரம். மூணும் பக்குவமா சேர்ந்தா அஞ்சாறு நாள்ல உள்ளே சூடு பிறக்கும். புகை கிடையாது, கங்கு கிடையாது. அப்பப்போ கிளறி, புதுச் சருகு போட்டா குளிர் முடியுற வரைக்கும் தாங்கும். ஆனா குவியலை வளைக்கு வெளியேதான் போடணும். சூட்டை உள்ளே கொண்டுபோற வித்தை எங்களுக்குத் தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

உலகம்மாள் பக்கத்தில் இருந்த மண்புற்றைக் காட்டியது. “கறையானுங்களுக்குத் தெரியும். அவங்க புற்றுக்குள்ள காத்துப் போறதுக்கு ஒரு குழாய், வர்றதுக்கு ஒரு குழாய். அப்படி ஒரு வேலைப்பாடு!”

“நீங்கள் சேர்ந்து வேலை செய்தது உண்டா?”

“மூணு தலைமுறையா பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கோம். பேசறதுக்கு ஒரு காரணம் வரலை.”

சிங்காரம் தவழ்ந்து புற்றின் பக்கம் போனது. ஒரு விரிசலுக்குள் இருந்து கறையான் மேஸ்திரி சன்னாசியின் குரல் மட்டும் வந்தது.

“குழாய் வைக்கலாம். சூடு ஒரு வழியா உள்ளே வரும், கெட்ட காத்து இன்னொரு வழியா வெளியே போகும். ஆனா நாங்க வெளியே வந்தா எறும்புத்தின்னி நக்கிட்டுப் போயிடுமே! எங்க உயிருக்கு யார் பொறுப்பு?”

“சபை பொறுப்பு!” என்றது சிங்காரம். “எறும்புத்தின்னியிடம் நானே பேசுகிறேன். குளிர்காலம் முடியும்வரை அது ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் மேயும். காவலுக்குக் கண்ணுச்சாமி நிற்பார்.”

“சம்மதம்!” என்றது கண்ணுச்சாமி. முதல் தடவையாக அந்தச் சொல்லால் ஒருவருக்குப் பயன் ஏற்பட்டது.

“சரி, அப்படியானால் தொண்ணூறு வளையும் பத்து நாளில்...” என்று சிங்காரம் உற்சாகமாக ஆரம்பித்தது.

உலகம்மாள் முன்காலைத் தூக்கித் தடுத்தது. “தலைவரய்யா, சாணி உங்க கையெழுத்துக்குப் பயந்து சீக்கிரம் சூடாகாது! எத்தனை வளை, எது முதல்ல, எது அப்புறம்னு முன்கூட்டியே சொல்லுங்க. சருகு சுமக்க ஆள் கொடுங்க. முதல்ல ஒரே ஒரு வளையில செஞ்சு பார்ப்போம். தப்பு வந்தா அங்கேயே திருத்திக்கலாம். அப்புறம், கட்டிட்டுப் போனா போதாது. வாரம் ஒரு தடவை கிளறி விடணும். அதுக்கும் எங்களையே வையுங்க.”

சிங்காரத்தின் கை முதுகுப் பக்கம் போய், பாதியிலேயே திரும்பி வந்தது. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டது.

“குளிர் முடிஞ்சதும் ஆறிப்போன குவியல் எங்களுக்கே வேணும். எங்க பிள்ளைங்க அதுலதான் வளரும்.”

சன்னாசியும் கேட்டது: “எங்களுக்குக் காய்ஞ்ச மரம் பத்து.”

இவ்வளவுதானா! தன் அறிவிப்பில் இதைக் கேட்பதற்கு ஓர் இடம்கூட விடவில்லையே என்று சிங்காரத்துக்கு உறைத்தது.

“எந்த வளையில முதல்ல செஞ்சு பார்க்கிறது?” என்றது ரங்கம்மாள்.

“என் வளையில்,” என்றது சிங்காரம். “தப்பு வந்தால் இந்தத் தடவை என் மூக்கில் வரட்டும்!”

தப்பு வந்தது. முதல் குழாய் அகலமாகப் போய்விட்டதால் சூட்டோடு நாற்றமும் வீட்டுக்குள் குடிவந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கம் ஈகூட... இல்லை, ஈக்கள் மட்டும் வந்தன.

“உங்க உரையைக் கேட்டே பொறுத்துக்கிட்டவ நான், இதையா பொறுக்க மாட்டேன்?” என்றது வடிவு.

சன்னாசி வந்து குழாயைக் குறுக்கி, ஒரு வளைவு வைத்து, குவியலின்மேல் மண்பூச்சுப் பூசியது. நாற்றம் நின்றது. சூடும் நின்றது! குவியலில் ஈரம் போதவில்லை என்று உலகம்மாள் கண்டுபிடித்துத் தண்ணீர் தெளிக்கச் சொன்னது. மூன்றாவது தடவை சுவரைத் தொட்டால் வெயிலில் காய்ந்த பாறையைத் தொட்டதுபோல் இருந்தது. கங்குகளை அணைத்துத் தூர எறிந்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் சிங்காரம் திடுக்கிட்டுக் கண் விழித்தது. வழக்கமாக அந்த நேரத்தில் வடிவின் இருமல்தான் அதை எழுப்பும். இன்று இருமல் இல்லை. சத்தமே இல்லை. பதறிப்போய் வடிவின் மூக்கருகே காதை வைத்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வடிவு ஒரு கண்ணைத் திறந்தது.

“என்னங்க?”

“ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறாயா என்று பார்த்தேன்.”

“முள்ளைக் காதுல குத்தாம இருந்தா இருப்பேன்!” என்று சொல்லிவிட்டு வடிவு மறுபடி தூங்கிவிட்டது.

சிங்காரம் வெளியே போய் ஒரு மரத்தின் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. முதலில் பூங்காவனத்தின் வளை. பூங்காவனம் உடனே நம்பிவிடவில்லை. “உங்க வளையில ஒரு நாள் என் குட்டிங்களைப் படுக்க வெச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்,” என்றது. நியாயம்தான் என்று சிங்காரம் ஒப்புக்கொண்டது. குட்டிகள் வந்து படுத்தன. கடைக்குட்டி விடிந்தும் எழ மறுத்தது. அதன் பிறகே பூங்காவனம் தன் வளையின் சுவரில் துளை போட அனுமதித்தது. அடுத்து கிழடுகள் இருந்த வளைகள், அடுத்து கைக்குழந்தைகள் இருந்தவை. மிளாக்கள் சருகு சுமந்தன. வண்டுகள் குவித்தன. கறையான்கள் குழாய் பூசின. கண்ணுச்சாமி காவல் நின்றது. எழுதுவதற்கு வேலை இல்லாததால் சிங்காரமும் சருகு சுமந்தது. முட்களில் குத்திக்கொண்டு வந்ததில் ஒரே நடைக்கு இருபது முப்பது இலை தேறியது!

ஆனால் இழந்த நாட்கள் இழந்தவைதான். மைனாவுக்கும் மரத்தின் உச்சிக்கும் கொடுத்த நாட்களைத் திரும்ப வாங்க முடியுமா? உறைபனி விழுந்தபோது முப்பத்தேழு வளைகள்தான் முடிந்திருந்தன. ஐம்பத்து மூன்று பாக்கி.

“தொண்ணூறு என்று வாக்குக் கொடுத்தவன் நான். முப்பத்தேழுதான் முடிந்தது. மிச்சத்துக்குக் காரணமும் நான்தான்,” என்று சிங்காரம் எல்லோரையும் கூட்டிச் சொன்னது. பிறகு கைகூப்பிக் கேட்டது: “சூடான வளை உள்ளவர்கள் இந்த ஒரு குளிர்காலத்துக்கு மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.”

சேர்த்துக்கொண்டார்கள். முயல் வீட்டில் காட்டுக்கோழிகள் தங்கின. சிங்காரத்தின் வளையில் இரண்டு எலிக் குடும்பங்களும் ஒரு கீரியும் வந்து தங்கின. கீரிக்கும் எலிகளுக்கும் நடுவில் படுக்க முள்ளம்பன்றியைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்! திரும்பிப் படுக்கும் முன் எல்லோரையும் எச்சரிக்க வேண்டும் என்பது மட்டும்தான் கஷ்டம்.

அந்தக் குளிர்காலத்தில் ஊசிப்பாறைச் சோலையில் யாரும் கணப்பருகே உறங்கி எழாமல் போகவில்லை.

பனி இளகத் தொடங்கிய நாளில் சபை வெயிலில் கூடியது. உலகம்மாளுக்கும் சன்னாசிக்கும் சபைக்கு நடுவில் இடம் போட்டிருந்தார்கள். சன்னாசிக்கு வெயில் ஆகாது என்பதால் கண்ணுச்சாமி நிழலுக்காகக் குறுக்கே நின்றது.

“மீதி ஐம்பத்து மூணு வளைக்கும் சருகு எப்போ சேர்க்க ஆரம்பிக்கணும்?” என்று ரங்கம்மாள் கேட்டது.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். சிங்காரம் வண்டின் பக்கம் திரும்பியது.

“நீங்கள் சொல்லுங்கள் தாயே.”

“ஆடிக் காத்துல சருகு நிறைய விழும். அப்போ ஆரம்பிச்சா ஐப்பசிக்குள்ள முடிச்சிடலாம்,” என்றது உலகம்மாள்.

“ஐப்பசி மழையில குழாய் காயாது. புரட்டாசிக்குள்ள எங்க வேலை முடியணும்,” என்றது சன்னாசி.

“அப்போ நாங்க ஆனியிலேயே ஆரம்பிக்கிறோம்,” என்றது உலகம்மாள்.

“ஆனி,” என்றது சிங்காரம்.

சபைக் கூட்டம் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது சோலையின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

வேலையைச் செய்யப்போகிறவர்களிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு நிபந்தனை போடுகிற சபையே ஊருக்கு நன்மை செய்யும்.